கை தூக்கினால் உரிமை போய்விடுமா?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் மினிட்ஸ் நோட்டை வழக்குக்காக அவ்வப்போது புரட்ட நேரும். தண்ணீர் லாரி கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு, அப்புறம் திடீரென்று ஒரு வரி: "திருநங்கைகளுக்கு வீடு வாடகைக்கு விடக் கூடாது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." வடசென்னையில் ஒரு குடியிருப்பின் நோட்டில் படித்தது இது. நகலைக் கொண்டுவந்தவர், ஒரு திருநங்கையைக் குடிவைத்திருந்த வீட்டுக்காரர். ஏகமனதாம்! அவர் பெயருக்கு எதிரே கையெழுத்தே இல்லை.

சங்கச் செயலாளருக்கு போன் செய்தேன். மரியாதையான மனிதர். "ஜனநாயக முறைப்படி ஓட்டெடுத்துத்தான் சார் முடிவு பண்ணோம்" என்றார்.

கட்டடத்துக்கு என்ன நிறம் அடிப்பது, வாட்ச்மேனுக்கு என்ன சம்பளம் என்பதையெல்லாம் தாராளமாக ஓட்டுக்கு விடலாம். இந்த முறை தோற்றவர் ஆள் சேர்த்து அடுத்த கூட்டத்தில் ஜெயிக்கலாம். யார் இங்கே குடியிருக்கலாம் என்று ஓட்டெடுத்தால் அப்படி இல்லை. எத்தனை கூட்டம் போட்டாலும் திருநங்கைகளின் தலைக்கணக்கு கூடப்போவதில்லை. போதாததற்கு, வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டே கிடையாது.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி நினைவிருக்கிறதா? 1996-ல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஊரில் பெரும்பான்மையினர் ஏற்கவில்லை. முறையாகத் தேர்தல் நடக்க 2006 ஆனது. ஒதுக்கீடு வேண்டுமா என்று ஊரையே கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

நீதிமன்றமும் இதில் சறுக்கியிருக்கிறது. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-வது சட்டப்பிரிவு செல்லும் என்று 2013-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், ஒருபால் ஈர்ப்பாளர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதி என்பதையும் ஒரு காரணமாக எழுதியது. எனக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை. 2018 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இத்தனைக்கும் 1986-லேயே, தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று, மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று கேரளக் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. மூன்றே குழந்தைகள்!

"அயர்லாந்தில் 2015-ல் மக்களே ஓட்டுப் போட்டு ஒருபால் திருமணத்தை ஏற்றார்களே?" என்று என் ஜூனியர் கேட்டார். சரி, நல்லதுதான். கலிபோர்னியாவில் 2008-ல் அதே ஓட்டு, கையில் கிடைத்திருந்த திருமண உரிமையைப் பிடுங்கியது. அது திரும்ப வர 2013 ஆனது.

"நாங்கள் தனியார் சங்கம், பாகுபாடு காட்டக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 15-வது பிரிவு எங்களுக்குப் பொருந்தாது" என்பது செயலாளரின் அடுத்த வாதம். பாதி நியாயம், அந்தப் பிரிவு பெரும்பாலும் அரசைத்தான் கட்டுப்படுத்தும். ஆனால் 2019-ம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், வாடகைக்குக் குடியிருக்கும் உரிமையை மறுப்பதை நேரடியாகத் தடைசெய்கிறது. சங்கத்தின் பைலா சட்டத்தை மீற முடியாது. நோட்டீஸ் அனுப்பினோம், அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை வாபஸ் வாங்கினார்கள்.

உங்கள் குடியிருப்பில் இப்படி ஏதாவது நடந்தால், வாய்வார்த்தைக்குப் பயந்து வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள். தீர்மானத்தின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். வீட்டுக்காரர் உங்கள் பக்கம் என்றால், தன் எதிர்ப்பை அதே நோட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100.