ஆள் கிடைக்கவில்லை என்கிற தம்பி தங்கச்சிமாருக்கு

ஹட்டனில் ஸ்டூடியோ வைத்து 19 வருடமாகிறது. மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது இது நடக்கும். காலையில் கடையைத் திறக்க வரும்போதே வாசலில் ஒருவர் நிற்பார், தூங்காத கண், சட்டைப்பையில் கை. ஷட்டரைத் தூக்கி உள்ளே வந்ததும் ஒரு பழைய அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைப்பார். "அம்மா தவறிட்டாங்க அண்ணே. அஞ்சலி பெனருக்குப் படம் வேணும். இத விட்டா வேற படமே இல்ல."

லெமினேட் ஓரம் பிரிந்து உள்ளே ஈரம் ஏறிய அட்டை. அதில் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய முகம், முறைத்துப் பார்க்கிற முகம், ஏதோ ஒரு ஸ்டூடியோவில் 'தலையைத் தூக்குங்க, அசையாதீங்க' என்று அதட்டி எடுத்தது. அதை ஸ்கேன் பண்ணி மூன்றடிக்குப் பெருப்பித்தால் மிஞ்சுவது புள்ளிகள்தான். கண்ணிமையை நான் வரைவேன், மூக்குத்தியை வேறு படத்திலிருந்து வெட்டி வைப்பேன், அட்டையில் பழுப்பாகத் தெரியும் சேலைக்கு என்ன நிறம் என்று மகனைக் கேட்பேன், அவருக்கும் ஞாபகம் இருக்காது. எழுபது வருடம் இந்த மலையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் முகத்தில் பாதி என் கைவேலை.

அதே கிழமை, அதே மேசைக்கு முன்னால், ஒரு பையன் கெமராவோடு வந்து நிற்பான். நல்ல கெமரா, 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், எல்லாம் சேமித்து வாங்கியது. லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று காட்ட வந்திருப்பான். பேச்சு வாக்கில், முகப்படம் எடுக்கிற போர்ட்ரெய்ட் வேலையைப் பற்றிச் சொல்வான்: "போர்ட்ரெய்ட் பழகணும்னு ஆசை அண்ணே, ஆள்தான் கிடைக்க மாட்டேங்குது."

விசாரித்தால் அந்த அம்மா இருந்த அதே டிவிசன்காரனாக இருப்பான். சில நேரம் அதே லயம், ஒரே வீட்டு வரிசை.

எனக்கு இதில் கோபமெல்லாம் இல்லை, நானும் அப்படி இருந்தவன்தான். 'ஆள்' என்றால் நம் மனதில் வருவது இன்ஸ்டாகிராமில் பார்க்கிற மாதிரி ஒரு பெண், நீளப் பாவாடை, பின்னால் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம். அப்படி ஒருவர் நமக்காக வந்து நிற்கப்போவதில்லை, வந்து நின்றாலும் பழகிக்கொண்டிருக்கிறவனுக்குக் கை நடுங்கும். போஸ் கொடுக்க ஆள் தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள். படம் தேவைப்படுகிறவர்களைத் தேடிப் பாருங்கள், வரிசையில் நிற்பார்கள்.

முதலில் வீடு. அப்பாயியை ஒரு நாள் எடுத்துவிட்டு 'சரி, முடிந்தது' என்று விடாதீர்கள். ஒரே ஆளைப் பத்துக் கிழமை, பத்து வெளிச்சத்தில் எடுங்கள். லயத்துக் காம்பராவைப் போல ஒரு ஸ்டூடியோ கொழும்பில் காசு கொடுத்தாலும் கிடைக்காது, சும்மா சொல்லவில்லை. உள்ளே இருட்டு, வெளிச்சம் வர ஒரே ஒரு கதவு. வாசற்படியிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே ஒரு முக்காலியைப் போட்டு அப்பாயியை உட்கார வையுங்கள், முகம் கொஞ்சம் வாசலைப் பார்க்கட்டும், நீங்கள் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் சுவரோரமாக நில்லுங்கள். ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னம் மெதுவாக இருளுக்குள் போகும். அந்த இருட்டுப் பக்கம் அதிகமாகக் கறுத்தால், டிவி வாங்கின பெட்டிக்குள் வந்த வெள்ளை ரெஜிபோம் தகட்டை அந்தப் பக்கம் சாய்த்து வையுங்கள், போதும். இருட்டில் படத்தை வெளிச்சமாக்குகிற ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றப் பயப்பட வேண்டாம். ஷட்டர் மட்டும் நொடியில் 125இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வேண்டாம், வயதானவர்கள் பேசிக்கொண்டே தலையை ஆட்டுவார்கள்.

சுவர் நீலமாக இருந்தால் அந்த நீலம் முகத்தில் ஏறும். அது மாதிரியே தேயிலைச் செடிக்குள் நின்று எடுத்தால் தாடைக்குக் கீழே பச்சை அடிக்கும், பலருக்கு இது கடைசி வரை ஏன் என்று தெரிவதில்லை, எடிட்டிங்கில் உட்கார்ந்து மாரடிப்பார்கள். இரண்டடி தள்ளி ரோட்டுக்கு வந்தால் தீர்ந்தது.

மூடுபனியைப் பலர் சாபமாகப் பார்க்கிறார்கள். லைட் வெளிச்சத்தை மென்மையாக்கக் காசு கொடுத்து வாங்குகிற சொஃப்ட் பொக்ஸ் செய்வதைத்தான் பனி வானம் முழுவதுக்கும் இலவசமாகச் செய்கிறது. ஒன்றே ஒன்று, பின்னால் வெள்ளையாகப் பனி இருந்தால் கெமரா ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சத்துக்கு, கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டியும் முகம் கறுப்பாகத்தானே இருக்கிறது என்றால், ஆமாம், நம் நிறம் அதுதான். அதை வெள்ளையாக்குகிற வேலையைப் பழகவே பழகாதீர்கள், என் தொழிலில் பாதி நாள் அந்தப் பாவத்தில் போகிறது.

இன்னொரு விஷயம். நம் பெரியவர்கள் கெமராவைக் கண்டதும் இரண்டு கையையும் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்து, அட்டென்ஷனில் நிற்பார்கள். உடனே "அப்படி நிக்காதீங்க, இயல்பா இருங்க" என்று நாம் ஆரம்பிக்கிறோம். வேண்டாம். அந்த விறைப்பான படத்தை முதலில் எடுத்துவிடுங்கள், ஒழுங்காக, மரியாதையாக. அவர்களுக்கு வேண்டியது அதுதான். அது கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் தோள் தானாக இறங்கும், வெற்றிலைப் பெட்டியை மடியில் எடுப்பார்கள், பேரனைத் திட்டுவார்கள். உங்களுக்கு வேண்டிய படம் அப்போதுதான் வரும். 'சிரிங்க' என்று சொல்லிச் சிரித்த ஒரு கிழவியை நான் இன்னும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வெளியே போனால், நான் முதலில் அனுப்புவது மணப்பெண் அலங்காரம் பழகுகிற பிள்ளைகளிடம். இப்போது ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை எங்கே பார்த்தாலும் பியூட்டிசியன் வகுப்பு. அவர்கள் செய்த மேக்கப்பைக் காட்டப் படம் வேண்டும், ஸ்டூடியோவுக்குக் கொடுக்கக் காசு இல்லை. உங்களுக்கு முகம் வேண்டும். காசு கை மாறாமல் இருவரும் பிழைக்கலாம். வெளிநாடுகளில் இதற்கு 'டைம் ஃபார் பிரிண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மொடல் நேரத்தைத் தருவார், படம் பிடிப்பவர் படத்தைத் தருவார். நம் ஊரில் பெயர் இல்லாமலே நடக்கும். தையல் கடை அக்காமாரும் அப்படித்தான், புதுச் சட்டைக் கைக்கு ஒரு டிசைன் போட்டால் அதைப் படமாக்க ஆள் தேடுவார்கள். யார் யாருக்கு எத்தனை படம், எப்போது தருவது, எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது, இதை முதலிலேயே வட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டு, ஆறு மாதம் கழித்து ஒரு கடை விளம்பரத்தில் அந்த முகம் வந்து, தகப்பன் கத்தியோடு வந்த கதையும் எனக்குத் தெரியும்.

சலூன், பேக்கரி, கோயில் வாசல் பூக்கடை எல்லாம் நல்ல இடம்தான், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கூட்டம் இல்லாத நேரம் போய்க் கேளுங்கள். மாசியில் காமன் கூத்து நடக்கிற தோட்டங்களில் ரதி மதன் வேஷம் போடுகிற இடத்துக்குப் போனால் ஒப்பனை நேரத்தில் அருமையான முகங்கள் கிடைக்கும், வாத்தியாரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். சாமி வந்து ஆடுகிறவர் முகத்துக்கு நேரே போய் பிளாஷ் அடிக்காதீர்கள். அப்புறம், உங்களை மாதிரி கெமரா வைத்திருக்கிற இன்னும் இரண்டு பேரைப் பிடித்து ஒருவரை ஒருவர் எடுத்துப் பாருங்கள். லென்ஸுக்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அடுத்தவர் ஏன் நெளிகிறார் என்று புரியும்.

கொழுந்து பறிக்கிறவர்களைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் அடி வாங்கியவன்.

தொழில் ஆரம்பித்த புதிதில் ரோட்டில் நின்றபடியே 300 எம்எம் ஸூமில் ஒரு அம்மாவை எடுத்தேன். மழை விட்ட நேரம், இடுப்பில் கிழிந்த படங்கு, நெற்றியில் கூடைக் கயிறு இறுகியிருக்க, கண் எங்கேயோ பார்க்கிறது. பேஸ்புக்கில் போட்டேன். பாராட்டு குவிந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா கடைக்கு வந்தார், நல்ல சேலை, தலையில் பூ, எனக்கு அடையாளமே தெரியவில்லை. மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், அந்த நேரத்தில் பெண் வீட்டுக்காரர்கள் போனில் இந்தப் படத்தைக் காட்டி 'இது உங்க அம்மாவா' என்று மகனிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் சத்தம் போடவில்லை. "ஒரு வார்த்த கேட்டிருந்தா மொகத்தக் கழுவிட்டு, நல்ல சீல கட்டிக்கிட்டு வந்திருப்பேன்ல தம்பி" என்றார். நான் படத்தை அவர் கண் முன்னாலேயே அழித்தேன், ஆனால் அதற்குள் வேறு யார் யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள், அதை இன்று வரை என்னால் அழிக்க முடியவில்லை.

ஆகவே மலையில் வேலை நேரத்தில் எடுக்க வேண்டாம். நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது, நீங்கள் நிறுத்தி வைக்கிற பத்து நிமிடம் அவர்கள் நிறுவையில் குறையும். கொழுந்தை எடை போட்டு முடிந்து, நிறுவைக் கொட்டகையான மடுவத்திலிருந்து வீட்டுக்குப் போகும்போது பேசுங்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா என்று கேளுங்கள். தோட்டத்துக்குள் கெமராவோடு போகும் முன் மேனேஜர் துரையிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொல்லிவிடுங்கள், கம்பெனி பொறுப்பில் இருக்கிற காணி. சுற்றுலாக்காரர்கள் காசு கொடுத்துப் பழக்கிவிட்டார்கள் என்று சலித்துக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். அந்த முகத்தை வைத்துத்தான் தேயிலைப் பெட்டியிலிருந்து ஹோட்டல் சுவர் வரை வியாபாரம் நடக்கிறது, அவர் நூறு ரூபா கேட்டால் மட்டும் நமக்கு ஏன் வலிக்கிறது?

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. யாராவது பழகுவதற்குப் படம் எடுக்கிறேன் என்று கூப்பிட்டால், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். "யாரையும் கூட்டிட்டு வராதே" என்று சொன்னால் அங்கேயே பேச்சை வெட்டுங்கள், அவன் எவ்வளவு பெரிய கெமரா வைத்திருந்தாலும். என் ஸ்டூடியோவில் கூட வருகிறவர் உள்ளேயே உட்காரலாம், கதவும் பூட்டப்படாது. எடுக்கிற தம்பிமாரும் இதை நீங்களாகவே முந்திச் சொல்லுங்கள், உங்கள் பெயருக்கும் அது காவல். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றவர்களிடம் கேட்காமல் கெமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். ஒரு பிள்ளையின் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் 1929க்கு அழையுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது. போனை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் படங்களை எடுத்து வைத்துவிட்டு அழித்துக் கொடுங்கள், பாதி வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் 'மலையில் இருந்துகொண்டு போர்ட்ரெய்ட்டில் என்ன சாதிக்க' என்பவர்களை பொகவந்தலாவைக்குப் போகச் சொல்வேன். அங்கே சென் மேரிஸ் தேவாலயத்து மயானத்தில், 19ஆம் நூற்றாண்டில் படம் பிடித்த பிரித்தானியப் பெண் ஜூலியா மார்கரெட் கெமரூன் புதைக்கப்பட்டிருக்கிறார். உலகப் போர்ட்ரெய்ட் வரலாற்றை யார் எழுதினாலும் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அவர் கையில் முதல் கெமரா வந்தபோது வயது 48, மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. இங்கிலாந்தில் வீட்டுக் கோழிக்கூட்டைக் கண்ணாடி போட்டு ஸ்டூடியோவாக்கினார், கரி போடுகிற அறை இருட்டறையானது. ஆளுக்கு எங்கே போனார்? வீட்டு வேலைக்கு இருந்த மேரி ஹில்லியரைத் திரும்பத் திரும்ப உட்கார வைத்தார், அக்கம்பக்கத்தாரைப் பிடித்தார், வந்த விருந்தாளியை விடவில்லை. ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டிய காலம் அது, பாவம் அந்த விருந்தாளிகள். புருஷனுக்கு இலங்கையில் கோப்பித் தோட்டம் இருந்ததால் 1875இல் இங்கே வந்தார், 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் கிளென்கெயர்ன் தோட்டத்தில் இறந்தார்.

இங்கேயும் சில படங்கள் எடுத்திருக்கிறார். அதில் ஒன்றுக்கு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்று தலைப்பு. மேரி ஹில்லியரின் பெயர் 150 வருடம் கழித்து ஹட்டனில் இருக்கிற எனக்குத் தெரிகிறது. களுத்துறைப் படத்தில் நிற்கிறவர்கள் யார் என்று அந்தத் தலைப்பு சொல்லவில்லை.

அதனால் கடைக்குப் படம் கழுவ வருகிற பையன்களிடம் நான் ஒரு பேனாவையும் சேர்த்துக் கொடுக்கிறேன். 4ஆர், அதாவது நாலுக்கு ஆறு அங்குல சைஸில் ஒன்றாவது பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடு, வட்ஸ்அப்பில் அனுப்புவது கணக்கில் வராது, போன் மாறினால் படம் போச்சு. பின்பக்கத்தில் பெயர், தோட்டம், டிவிசன், திகதி எழுது. போன மாதம் ஒருவன் நோர்வூட் பக்கம் ஒரு மேட்டு லயத்தில் ஏழு பெரியவர்களை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான். எட்டாவதாக ஒரு தாத்தா வீட்டுக்குப் போய் வேட்டி மாற்றிக்கொண்டு வருவதற்குள் இருட்டிவிட்டதாம். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அதற்குள் கெமராவை, ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வை என்றேன், லென்ஸ் ஓரத்தில் பூஞ்சை நூல் விட ஆரம்பித்திருந்தது.