மண்வெட்டியின் சத்தம் யாருக்கெல்லாம் கேட்கிறது?

தேன்கனிக்கோட்டையை அடுத்து எங்களுக்கு முக்கால் ஏக்கர் செம்மண் தோட்டம் இருக்கிறது. ஒரு பக்கம் ராகி வயல், மறுபக்கம் புளியமரங்கள், அதற்கப்பால் கல்லும் புதருமாக ஏறிப்போகும் கரடு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குத் தென்மேற்குப் பருவமழையின் கடைசிப் பகுதியும் வடகிழக்குப் பருவமழையின் முற்பகுதியும் கிடைக்கின்றன. புரட்டாசி, ஐப்பசியில்தான் மண் ஆழம் வரை நனையும். அந்த ஈரம் காய்வதற்குள் பாத்தி கட்டி முள்ளங்கி, கொத்தமல்லி, அவரை போட்டுவிட வேண்டும்.

இந்த ஐப்பசியில் மண்வெட்டியோடு ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் வெட்டு விழுந்த நேரத்தைக் குறித்தேன். நான்காம் நிமிடம் வேலிக் கம்பத்தில் ஒரு கரிச்சான். பத்தாம் நிமிடம் இரண்டு மைனாக்கள். அரை மணி ஆவதற்குள் மூன்று உண்ணிக்கொக்குகள், வரப்பின் மேல் மஞ்சள் வயிறும் சாம்பல் முதுகுமாக ஒரு வாலாட்டி. பக்கத்துத் தோட்டத்து அம்மா என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "மழை கண்ட மண்ணைப் புரட்டினால் கூப்பிடாமலே வரும், தம்பி. இதை எழுதி வேறு வைக்க வேண்டுமா?" என்றார்.

கூப்பிடாமல் வருகின்றனவா, நாம் அறியாமலே கூப்பிடுகிறோமா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மண்வெட்டி ஒருமுறை விழும்போது மண்ணிலிருந்து அதிர்வு கிளம்புகிறது, ஒளிந்திருந்தவை அசைகின்றன, மணம் எழுகிறது. இவற்றில் எதை எந்த உயிர் பிடித்துக்கொள்ளும் என்பதை அதன் உடம்பின் அமைப்பு தீர்மானிக்கிறது.

அதிர்வு முதலில் போய்ச் சேர்வது மண்ணுக்குள் குடியிருப்பவர்களிடம். மண்புழுவுக்குக் காது கிடையாது. சார்லஸ் டார்வின் மண்புழுக்களைத் தொட்டிகளில் வளர்த்து, பக்கத்தில் விசில் ஊதிப் பார்த்தார், பியானோ வாசித்துப் பார்த்தார். அவை சட்டை செய்யவில்லை. தொட்டியையே பியானோவின் மேல் தூக்கி வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் விருட்டென்று வளைக்குள் போய்விட்டன. காற்றில் வரும் ஒலி அவற்றைத் தொடவில்லை, தொட்டியின் வழியே வந்த நடுக்கம் தொட்டது. 1881-இல் அவர் இதைப் பதிவு செய்தார்.

சில அதிர்வுகளுக்குப் புழுக்கள் நேர்மாறாக மேலே ஓடி வருகின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தூண்டில் புழு சேகரிக்கிறவர்கள் ஒரு மரமுளையைத் தரையில் அடித்து இறக்கி, அதன் தலையில் இரும்புப் பட்டையைத் தேய்ப்பார்கள். சுற்றுவட்டாரத்துப் புழுக்களெல்லாம் நூற்றுக்கணக்கில் மேலே வந்துவிடும். ஏன் என்பதை கென்னத் கட்டானியா என்ற ஆய்வாளர் 2008-இல் விளக்கினார். அந்தப் பகுதி மண்ணுக்குள் சுரங்கம் தோண்டிப் புழு தின்னும் மோல் என்ற சிறு விலங்கு உண்டு. அது தோண்டும்போது எழும் அதிர்வும் முளையைத் தேய்க்கும்போது எழும் அதிர்வும் ஒன்றுபோல இருக்கின்றன. எதிரி வருகிறான் என்று நினைத்துப் புழு வெளியே தப்பி ஓடுகிறது. நம் கரட்டு நிலத்தில் மோல் இல்லை. ஆனால் மண்வெட்டி இறங்கும்போது பிள்ளைப்பூச்சி பதறி ஓடுவதையும், தத்துக்கிளி துள்ளுவதையும், நிலக்கடலை வேரைத் தின்று கொழுத்த வெள்ளைப்புழு சுருண்டு நெளிவதையும் எவரும் பார்க்கலாம். பிழைப்பதற்காக அசைகின்றன. அந்த அசைவே கம்பத்தின் மேல் உட்கார்ந்திருப்பவனிடம் காட்டிக்கொடுக்கிறது.

கரிச்சான் கண்ணால் வாழ்கிற பறவை. நம் கண்ணின் விழித்திரையில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை, பகற்பறவைகளுக்கு நான்கு வகை. வேகத்தில் இன்னும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒரு விளக்கு நொடிக்கு 60 முறை அணைந்து அணைந்து எரிந்தால் பெரும்பாலும் நமக்குத் தொடர்ந்து எரிவதாகவே தெரியும். பறக்கும் பூச்சியைப் பிடித்துண்ணும் ஐரோப்பிய ஈப்பிடிப்பான்களை 2016-இல் சோதித்தபோது, நொடிக்கு 140 முறைக்கு மேல் சிமிட்டினாலும் அவை சிமிட்டலைத் தனித்தனியாகக் கண்டுகொண்டன. கரிச்சானை இப்படி அளந்ததாக நான் படித்ததில்லை. ஆனால் நான் வெட்டிப் போட்ட கட்டியிலிருந்து ஈசல் ஒன்று சிறகு விரித்த கணத்தில் அது காற்றிலேயே மடக்கிப் பிடித்ததைப் பார்த்தபோது, நான் காண்பதைவிட மெதுவாக ஓடும் ஓர் உலகத்தில் அது இருப்பதாகவே தோன்றியது.

அதற்குக் கண் மட்டுமா கூர்மை? கரிச்சான் வல்லூறின் குரலை அப்படியே எடுத்துக் கத்தும். மேய்ந்துகொண்டிருக்கும் மைனாக் கூட்டம் அஞ்சிப் பறக்க, அவை விட்டுப்போன பூச்சியை இது தூக்கிக்கொள்ளும். இதன் ஆப்பிரிக்க உறவினனைக் கலஹாரிப் பாலைவனத்தில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வாளர்கள், அது இப்படிப் பொய் எச்சரிக்கை கொடுத்தே அன்றாட உணவில் ஏறத்தாழ கால் பங்கைத் தேடிக்கொள்வதாகக் கணக்கிட்டார்கள். ஒரே குரல் பலமுறை பலிக்காவிட்டால் வேறு குரலுக்கு மாறிக்கொள்ளுமாம். நான்காம் நிமிடத்தில் வந்தது இப்படிப்பட்ட ஒரு பறவை என்று தெரிந்த பிறகு, அதன் கண்ணில் நான் யார் என்று நினைத்துப் பார்த்தேன். பூச்சி கிளப்பித் தரும் இன்னொரு மாடு, அவ்வளவுதான்.

மாடு என்றதும் கொக்கு. உண்ணிக்கொக்கு என்று பெயர் வைத்தோம். அது மாட்டின் மேலிருந்து பொறுக்கும் உண்ணியைவிட, மாட்டின் காலடியில் கிளம்பும் தத்துக்கிளியைத்தான் அதிகம் தின்கிறது. தனியாக மேயும் கொக்கையும் மாட்டோடு மேயும் கொக்கையும் எண்ணி ஒப்பிட்டவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: மாட்டோடு போகிற கொக்கு குறைந்த அடிகள் எடுத்துவைத்துக் கூடுதல் இரை பிடிக்கிறது. எங்கள் பக்கத்தில் உழவு மாடு குறைந்து டிராக்டர் வந்தபோது கொக்குகள் ஒரு நாளும் வருத்தப்படவில்லை. டிராக்டரின் பின்னால் அதே ஒழுங்கில் நடந்தன.

மணத்துக்கு வருகிறேன். மழை பட்ட மண்ணும் வெட்டிய மண்ணும் ஒரே மாதிரி மணப்பதற்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினும் இந்தக் குடும்பம் தந்ததுதான். லட்சம் கோடித் துளி நீரில் ஐந்தாறு துளி ஜியோஸ்மின் கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். மோப்பத்தில் நம்மை மட்டமாக நினைத்துக்கொள்கிற நாம், இந்த ஒரு மணத்தில் கெட்டிக்காரர்கள். அந்த நுண்ணுயிர் ஏன் மணக்க வேண்டும் என்பதற்கு 2020-இல் ஒரு விடை கிடைத்தது. குண்டூசித் தலையளவே இருக்கும் வால்துள்ளிகள் என்ற சிற்றுயிர்கள் அந்த மணத்தைத் தேடி வந்து நுண்ணுயிரைத் தின்கின்றன. தின்றுவிட்டுப் போகும்போது அதன் வித்துகளை உடம்பில் ஒட்டவைத்தும் எச்சத்தில் கலந்தும் வேறிடத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன. நாம் மண்வாசனை என்று கண்மூடி இழுப்பது, ஒரு நுண்ணுயிர் தன் வண்டிக்காரனுக்குக் கொடுக்கும் அழைப்பு.

மதியத்துக்கு மேல் ஆள் அடங்கிய பிறகு வருகிற கொண்டலாத்திக்கு வேறு வித்தை. நீண்ட மெல்லிய அலகை மண்ணில் செருகிவிட்டால் அதைத் திறக்க இடமேது? அதன் தலையில் அலகைத் திறக்கும் தசை மிகவும் வலுவானது. மண்ணுக்குள்ளேயே அலகை விரித்துப் புழுவைக் கவ்வி இழுக்க முடியும். அன்றில் குடும்பத்துப் பறவைகளின் அலகு நுனி எலும்பிலோ நுண்ணிய குழிகள் நிறைந்திருக்கின்றன, அவற்றுக்குள் அதிர்வை உணரும் நரம்பு முனைகள். இரையைப் பார்க்காமலே, மண்ணுக்குள் அது நெளிவதைத் தொட்டறியும் அமைப்பு அது.

இனி, எல்லோரும் பயப்படுகிற விருந்தாளி. வேலியோரம் கிடந்த கற்குவியலை அகற்றும்போது, காய்ந்த சருகை வாணலியில் வறுப்பதுபோல ஒரு சரசரப்புக் கேட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். சுருட்டை விரியன். முழு நீளமும் இரண்டடிக்குள்தான் இருக்கும். வறண்ட கல்லுக்காட்டில் வாழ்கிற அது வாயால் சீறியதல்ல அந்தச் சத்தம். அதன் பக்கவாட்டுச் செதில்கள் ரம்பப் பல் போலச் சாய்ந்து நிற்கின்றன. உடம்பை வளைத்து வளைவை வளைவோடு உரசினால் ஒலி வந்துவிடும். மூச்சை விட்டுச் சீறினால் உடம்பின் ஈரம் வீணாகும், உரசலில் அந்த இழப்பு இல்லை என்று கருதுகிறார்கள்.

பாம்புக்கு நம் மொழியில் கட்செவி என்றொரு பெயர் உண்டு. கண்ணையே காதாகக் கொண்டது என்று பொருள். வெளிக்காது இல்லாததைக் கவனித்து வைத்த பெயர் அது, கவனித்தவர்களை மதிக்கிறேன். உண்மையில் அதன் செவிக்கு வழி தாடையில் இருக்கிறது. கீழ்த்தாடை தரையில் படிந்திருக்கும்போது நிலத்தின் நடுக்கம் தாடை எலும்பு வழியே உட்காதுக்குப் போகிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளும் மண்டையோட்டை அதிரவைத்து ஓரளவு எட்டுகின்றன. அதனால்தான் பெரியவர்கள் இருட்டில் வரப்பில் நடக்கும்போது கம்பைத் தட்டிக்கொண்டே போனார்கள். அது பயனுள்ள பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் அதிர்வு கேட்டாலும் இடம் பெயராமல் படுத்திருப்பதுண்டு. ஆகவே கற்குவியலில் வெறுங்கையை விடவே கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

கார்த்திகையில் ராகிக் கதிர் முற்றுகிறது. எங்கள் ஊருக்கு அப்போதுதான் பெரிய விருந்தாளிகள். பெங்களூரை அடுத்த பன்னேருகட்டா காட்டுப் பக்கமிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைகள் ஆண்டுதோறும் இறங்குகின்றன. 2014-இல் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022-இல் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்ட காடுகள் இவை. காட்டுக்குள் புல் இருக்க, ராகிக்கு ஏன் வருகின்றன? 1980-களில் யானை ஆய்வாளர் ஆர். சுகுமார் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதிகளில் இதை ஆராய்ந்தார். அந்தப் பருவத்தில் முற்றிக் கரடுமுரடாகிவிட்ட காட்டுப்புல்லைவிடப் பயிரில் புரதமும் தாது உப்புகளும் அதிகம். வயலுக்கு மிகுதியாக வருவது ஆண் யானைகளே என்பதையும் அவர் காட்டினார்.

இருட்டில் வழி காட்டுவது துதிக்கை. மனிதரிடம் மணம் உணரும் மரபணுக்கள் சுமார் 400, ஆப்பிரிக்க யானையிடம் ஏறத்தாழ 2,000. தாய்லாந்தில் ஆசிய யானைகளிடம் மூடிய இரண்டு வாளிகளைக் காட்டினார்கள். எதில் சூரியகாந்தி விதை அதிகம் என்பதை முகர்ந்தே சொல்லிவிட்டன. ஒன்றுக்கொன்று அவை பேசிக்கொள்வதில் ஒரு பகுதி, நொடிக்கு 20 அதிர்வுக்கும் கீழான ஒலி. 1984-இல் ஒரு விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் பக்கத்தில் நின்றிருந்த கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர், காதில் எதுவும் விழாமல் காற்று மட்டும் துடிப்பதை உணர்ந்து அதைப் பதிவு செய்தார். தரை வழியே வரும் நடுக்கத்தைப் பாதத்தாலும் அறிகின்றன.

இத்தனை புலன்கள் உள்ள விலங்குக்கும் கம்பியில் ஓடும் மின்சாரம் தெரிவதில்லை. அதற்கு மணமில்லை, அதிர்வில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கம், சட்டவிரோதமாக வயலைச் சுற்றிப் போட்ட மின்கம்பியில் மூன்று பெண் யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் உயிரோடு நின்றன. ஒரே இரவில் அரை ஏக்கர் ராகியை இழந்த குடும்பத்தின் துயரம் எனக்குத் தெரியும். இழப்பீடு விரைவாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் நானும் அவர்களோடு நிற்கிறேன். மின்கம்பியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

போன கார்த்திகையில் ஒரு விடியலில் எங்கள் தோட்டத்து ஓரம் வட்டவட்டமாகத் தடங்கள். புதிதாகக் கட்டிய இரண்டு பாத்திகள் அமுங்கியிருந்தன, அவரைப் பந்தல் ஒருபுறம் சாய்ந்திருந்தது. அன்று இரவே மழை பெய்து தடங்களில் நீர் நின்றது. மியான்மரில் இப்படி மழைநீர் நிறைந்த யானைத் தடங்களில் தவளை முட்டைகளையும் தலைப்பிரட்டைகளையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஐந்தாவது நாள் வரை நான் அந்தத் தடங்களை மூடவில்லை. நீரின் மேல் கொசுக்கள் மிதந்தன. இமயத்து ஓடைக்கரைகளில் கோடையைக் கழித்துவிட்டு வந்திருந்த வாலாட்டி ஒன்று, தடத்தின் விளிம்பில் நின்று வாலை ஆட்டி ஆட்டி அவற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. மண்வெட்டியை எடுக்கக் குனிந்தேன். வேலிக் கம்பத்தில் கரிச்சான் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது.