கதவுக்குக் கீழே ஒரு சின்னக் கொப்புளம்

வேலைக்கு வந்த எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில், கதவுக்குக் கீழே பெயிண்ட் பட்டாணி அளவுக்கு உப்பியிருந்தது. "சும்மா சுரண்டிட்டு டச்-அப் பண்ணிக் குடுங்க, போதும்" என்றார் உரிமையாளர். ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்தினேன். பிஸ்கட்டில் குத்தியது போல உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியின் தூளும் பழுப்புச் செதில்களுமாகக் கொட்டின. கார் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, பாவம்.

வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால் துரு இப்போதுதான் தொடங்குகிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்து தின்றுகொண்டே வந்து, கடைசியில்தான் பெயிண்டைத் தொடும். சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டுக்குள் படிந்து, மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். இரண்டு தகடு சேரும் மடிப்பில் புகுந்தால் அவற்றை நெம்பிப் பிரித்துவிடும்.

1962-ல் வந்த எம்ஜிபிக்கு, அதற்கு முந்தைய எம்ஜிஏ போலத் தனிச் சேசிஸ், அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. பாடிதான் சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' அழகுக்கு வைத்த பட்டை இல்லை. உள் சில், வெளி சில், நடுவில் நிற்கும் தகடு எல்லாம் சேர்ந்து பெட்டியாகி காரைத் தாங்குகின்றன. ரோட்ஸ்டர் என்ற திறந்த வகையில் கை கொடுக்க மேற்கூரையும் இல்லை. இந்த இடத்தில் பட்டி பூசி மறைத்தவரை எப்படி மன்னிப்பது? பட்டி ஈரத்தை உறிஞ்சும், பாரம் தாங்காது. துணி சுற்றிய காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். பிடி தளரும் இடத்தில் சந்தேகப்படலாம்.

இன்னொரு குறுக்குவழி, பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி வெல்ட் அடிப்பது. எம்ஜிபியின் வெளி சில் முன் மட்கார்டுக்குப் பின்னாலும் பின் மட்கார்டுக்கு அடியிலும் நீளும். கதவு அளவுக்கு மட்டும் மாற்றினால் பாதி துரு உள்ளேயே இருக்கும்.

சரி, வெட்டத்தான் வேண்டும். ஆனால் கிரைண்டரை எடுப்பதற்கு முன், கதவு இருக்கும் நிலையிலேயே இடைவெளியை முன்னும் பின்னும் அளந்து எழுதி வையுங்கள். அப்புறம் கதவைக் கழற்றி, கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் இடையே சதுரக் குழாயை முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் வெட்டினால் கார் நடுவில் தொய்யும். அப்படியே வெல்ட் அடித்துவிட்டால் கதவு பிறகு மூடாது. ஒரு பக்கம் முடிந்த பிறகே மறு பக்கம்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க் டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கிறது என்பதை ஒரு நொடியும் மறக்காதீர்கள். தகட்டைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம். வெல்டிங் வெப்பத்தில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உருவாகும். மெல்லிய தகடு என்பதால் ஒரே இழுப்பாக ஓட்டாமல், ஒரு புள்ளி இங்கே, அடுத்தது தள்ளி அங்கே என்று ஆறவிட்டு ஆறவிட்டு அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் தகடு நெளியும்.

பெயிண்ட் காய்ந்த பிறகு, குழாய் நுழைத்து சில்லுக்குள் மெழுகு தெளிக்கிறோம். கடைசியில் ஒரு கம்பியால் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளைக் குத்திப் பார்ப்பேன். அந்த எம்ஜிபியின் பழைய சில்லில், யாரோ அவற்றைச் சீலன்ட் வைத்து அழகாக அடைத்திருந்தார்கள்.