ஒற்றைத் தலைவலி ஸ்கேனில் தெரியாது

அடிக்கடி தலைவலி என்று வருகிறவருக்குக் கண் பரிசோதனை, சைனஸ் எக்ஸ்ரே, மூளை ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி எந்தப் படத்திலும் தெரியாது, இரத்தப் பரிசோதனையிலும் சிக்காது. நோயாளியிடம் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நரம்பியல் நிபுணர் தேவையில்லை. பொது மருத்துவரே போதும்.

முதலில் மூன்று கேள்விகள். கடந்த மூன்று மாதங்களில் தலைவலியோடு குமட்டல் வந்ததா? வெளிச்சம் வழக்கத்தைவிட அதிகமாகக் கூசியதா? ஒரு நாளாவது வேலையோ படிப்போ கெட்டதா? இரண்டுக்கு "ஆம்" என்றால் மைக்ரேனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மருந்து எடுக்காவிட்டால் வலி 4 முதல் 72 மணி நேரம் நீடிப்பதும், இதுவரை 5 முறையாவது வந்திருப்பதும் அதை உறுதிப்படுத்த உதவும். பெயரில்தான் ஒற்றை, வலி இரு பக்கமும் வரலாம். மூக்கடைப்பும் கண்ணீரும்கூட வரும். சைனஸ் என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஸ்கேன் தேவைப்படும் தலைவலிகள் வேறு: நொடிகளில் உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் வலி. இவற்றில் தாமதம் கூடாது.

மாத்திரை கேட்கவில்லை என்பவர்களில் பலர் அதைத் தாமதமாகப் போட்டவர்கள். மைக்ரேன் வந்தால் இரைப்பையின் இயக்கமே மந்தமாகிவிடுகிறது. மாத்திரை குடலுக்குப் போய்ச் சேராமல் வயிற்றிலேயே கிடக்கிறது. வலி லேசாக இருக்கும்போதே இபுபுரூஃபன் 400 மில்லிகிராம் எடுத்தால் பலன் கூடும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. வாந்தி இருந்தால் அதற்கும் மருந்து சேர்க்க வேண்டும். இவை போதாதபோது சுமாட்ரிப்டான் 50 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும், இதய இரத்தக்குழாய் நோயோ கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கும் கொடுக்கக் கூடாது.

சரியான சிகிச்சை கிடைக்காதவர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியே காலம் தள்ளுகிறார். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ, சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மருந்தையோ பல வலி மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரையையோ 10 நாட்களோ எடுத்து, அது மூன்று மாதங்களைத் தாண்டினால், மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கலாம். வலி வந்த நாள், போட்ட மாத்திரை இரண்டையும் நாட்காட்டியில் குறித்துவந்தால் இது உடனே கண்ணில் படும்.

மாதத்தில் நான்கு நாட்களுக்குமேல் வலி வந்தால் தடுப்பு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். புரோப்ரனலால் (ஆஸ்துமா இருந்தால் கூடாது), இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் போன்றவை பழைய, விலை குறைந்த மருந்துகள். அளவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டுப் பலனில்லை என்பவர்கள் ஏராளம். போதிய அளவை எட்டியபின் எட்டு வாரமாவது பொறுக்க வேண்டும். நாட்காட்டியில் வலி நாட்கள் பாதியாகக் குறைந்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பொருள்.