ஏர் கன் வாங்கும் முன் ட்ரிகரை அமுக்கிப் பாருங்கள்

டயர் கடைக்கோ கார் ஒர்க் ஷாப்புக்கோ இம்பாக்ட் கன், அதாவது காற்றழுத்தத்தில் வீல் நட்டைக் கழற்றி மாட்டும் ஏர் கன் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "எத்தனை நியூட்டன் மீட்டர்?" என்றுதான். கன்னின் திருகு சக்தியை அளக்கும் அலகு அது. அவரும் 800, 1000, 1200 என்று பெட்டிகளை எடுத்து வைப்பார். பெரிய எண் போட்ட பெட்டி வீட்டுக்கு வரும். பல வருடமாகச் சக்கரம் கழற்றி மாட்டும் தொழிலில் இருப்பவன் சொல்கிறேன்: கார் வேலையில் அந்த எண் என்றைக்காவது ஒரு நாள், துருப்பிடித்த நட்டு முரண்டு பிடிக்கும்போதுதான் உதவும். தினமும் உங்கள் விரலுக்குக் கீழே இருப்பது ட்ரிகர். அது சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் ஆயிரம் நியூட்டன் மீட்டரும் வாடிக்கையாளரின் ஸ்டட், அதாவது வீல் நட்டு ஏறும் போல்ட் மேல்தான் இறங்கும்.

கணக்கைப் பாருங்கள். நம் ஊர்ச் சிறிய கார்களிலிருந்து எஸ்யூவி வரை வீல் நட்டுக்குத் தேவையான இறுக்கம் பெரும்பாலும் 85 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கிவிடும். சாதாரண அரை இஞ்ச் கன் (நட்டைப் பிடிக்கும் சாக்கெட்டை மாட்டும் முனை அரை இஞ்ச்) அதைப்போல நாலைந்து மடங்கு சக்தி உள்ளது. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணும் பல சமயம் கழற்றும் திசையில் கிடைக்கும் உச்ச அளவு. இம்பாக்ட் கன் ஒரே மூச்சாக இறுக்குவதில்லை. உள்ளே இருக்கும் சுத்தியல் அடி அடியாக இறுக்கத்தை ஏற்றுகிறது. ஒரு நொடி அடித்து விடுவதற்கும் நாலு நொடி பிடித்துக்கொண்டே இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அந்த ஒரு நொடியில் நிறுத்த முடிகிறதா என்பதைத் தீர்மானிப்பது ட்ரிகர்.

ஸ்டட் என்பது இறுக்கும்போது கொஞ்சம் நீண்டு, சுருள்வில் மாதிரி சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது. அளவுக்கு மேல் போனால் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். மரை இழுபடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, வண்டி போய்விடும். அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட் முறியும், அல்லது ஓடும்போதே பிடிப்பு தளரும். ஒரு நட்டு அதிகமாகவும் பக்கத்து நட்டு குறைவாகவும் இருந்தால் பிரேக் டிஸ்க் சீராக உட்காராது. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கும். அப்போது டிஸ்க்கைத்தான் குறை சொல்வார்கள், ஏர் கன்னை யாரும் நினைக்க மாட்டார்கள்.

இதைவிட எனக்கு மனம் பொறுக்காத விஷயம் நடுரோட்டில் ஸ்டெப்னி மாற்றுகிறவர்களின் நிலைமை. காரோடு கொடுக்கும் வீல் ஸ்பேனரின் கைப்பிடி சுமார் 25 சென்டிமீட்டர் இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நுனியில் ஏறி நின்றாலும் ஏறக்குறைய 150 நியூட்டன் மீட்டர்தான் கிடைக்கும். நாம் 300-இல் அடித்து அனுப்பிய நட்டை இரவு நேரத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் குடும்பத்தோடு நிற்கிறவர் எப்படிக் கழற்றுவார்?

சரி, நல்ல ட்ரிகரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஹோஸ் மாட்டாமல் அமுக்கிப் பார்த்தால் ஸ்பிரிங்கின் கனம்தான் தெரியும். காற்று இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். சாக்கெட் மாட்டி, மிக மெதுவாக அமுக்குங்கள். முதலில் சாக்கெட் சுற்றுவதைக் கண்ணால் பின்தொடர முடிகிற வேகத்தில் தொடங்கி, விரல் உள்ளே போகப் போக வேகம் ஏற வேண்டும். ட்ரிகர் பாதி தூரம் போகும்வரை ஒன்றுமே நடக்காமல் திடீரென முழு வேகத்தில் கத்தினால் அது வெறும் ஸ்விட்ச். கைப்பிடிக்குள் இருக்கும் வால்வு படிப்படியாகத் திறக்காமல் ஒரேயடியாகத் திறப்பதுதான் காரணம். அப்புறம் ஒரு போல்ட்டை வைஸில் (மேசைப் பிடிகருவியில்) பிடித்து, கையால் இரண்டு மரை ஏற்றிய நட்டை கன்னால் ஓட்டிப் பாருங்கள். நட்டு போய் உட்கார்ந்ததும், சுத்தியல் ஒன்றிரண்டு அடி அடிப்பதற்குள் உங்களால் நிறுத்த முடிய வேண்டும். வேலையில் கையுறை போடுகிறவர் என்றால் கையுறையோடே சோதியுங்கள். வெறும் விரலுக்கு இதமாக இருக்கும் ட்ரிகர் கையுறைக்குள் மரத்துப்போவதுண்டு.

கன்னிலேயே 1, 2, 3 என்று எண் போட்ட திருகு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது உச்சக் காற்றைக் குறைக்கிறது, அவ்வளவுதான். சில கன்களில் 1-இல் வைத்தாலே கார் நட்டுக்கு அதிகம். உங்கள் கன் எப்படி என்று தெரிந்துகொள்ள டார்க் ரெஞ்சை (வைத்த இறுக்கம் வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும் ஸ்பேனர்) வண்டிக்கான அளவில் வைத்து, கன் இறுக்கிய நட்டில் போடுங்கள். நட்டு கொஞ்சமும் நகராமல் ‘கிளிக்’ என்றால் ஏற்கெனவே அளவை எட்டிவிட்டது, தாண்டியும் இருக்கலாம். அந்த நட்டைத் தளர்த்திவிட்டு மறுபடி இறுக்குவதுதான் முறை. எவ்வளவு நல்ல ட்ரிகராக இருந்தாலும் கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில்தான், அதுவும் எதிரெதிராக, வண்டி தரையைத் தொட்ட பிறகு.

சில சமயம் குற்றம் கன்னில் இருக்காது. பெரும்பாலான கன்கள் ஓடும்போது 90 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கிடைக்கும்படி செய்யப்பட்டவை. லாரி டயருக்கும் காற்று அடிக்கும் கடையில் கம்ப்ரசர் அதற்கு மேல் நிற்கும். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் அதை நேரே கொடுத்தால் மென்மையான ட்ரிகரும் துள்ளும். மறுபக்கம், மெல்லிய ஹோஸை நீளமாக இழுத்து மாட்டிவிட்டு "கன்னுக்குப் பவரே இல்லை" என்று இன்னும் பெரிய கன் வாங்குகிறவர்கள் உண்டு. 10 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸ் போட்டு, கன் பக்கம் காற்றழுத்தம் காட்டும் ஒரு கேஜ் வைத்து, ட்ரிகரை அமுக்கியபடி அளவைப் பாருங்கள். சும்மா நிற்கும்போது கேஜ் காட்டும் எண் எதையும் சொல்லாது.

கம்ப்ரசர் தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விடுங்கள். அந்த ஈரம் வால்வில் துரு ஏற்றினால், விரலை எடுத்த பிறகும் கன் சுற்றும். அப்படி ஒருமுறை சுற்றினாலே அந்தக் கன்னை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். காலையில் ஏர் டூல் ஆயில் சில சொட்டு விடுங்கள். கெட்டியான எண்ணெய் வேண்டாம்.

புதுசு வாங்க இப்போது வசதியில்லை, இருப்பது ஸ்விட்ச் மாதிரி ட்ரிகர்தான் என்றால், அந்தக் கன்னைக் கழற்ற மட்டும் பயன்படுத்துங்கள். மாட்டும்போது எல்லா நட்டையும் கையால் உட்காரும்வரை ஓட்டி, வீல் ஸ்பேனரால் பிடிப்பு கொடுத்து, டார்க் ரெஞ்சில் முடியுங்கள். ஒரு வண்டிக்குச் சில நிமிடம் கூடும். அந்த நேரத்தைத் தரத் தயங்குகிற வாடிக்கையாளரிடம் ஏன் என்று விளக்குங்கள். அலாய் வீல் போட்டிருப்பவரும் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் வந்து நட்டுகளை மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.