அதுவும் பேங்க்தானே?

நகரக் கூட்டுறவு வங்கிகளுக்குத் தணிக்கைக்குப் போனால் எல்லாரும் முதலில் வாராக்கடன் பட்டியலைத்தான் கேட்பார்கள். நான் கேட்பது, இந்த வங்கி தன் உபரிப் பணத்தை வேறு எந்தெந்த வங்கியில் போட்டு வைத்திருக்கிறது என்ற பட்டியலை. ஒரு மேலாளர் சிரித்தார். "அதுவும் பேங்க்தானே சார், எங்கே ஓடிடப் போகுது?" அரை சதவீத வட்டி கூடுதலாகக் கிடைக்கிறது என்று ஒரே இடத்தில் கொட்டியிருந்தார்.

தாளில் எழுதிக் காட்டினேன். டெபாசிட் 100 கோடி, சொந்த மூலதனம் 8 கோடி, அந்த ஒரே வங்கியில் 10 கோடி என்று வைத்துக்கொள்வோம். அது படுத்தால், இங்கே ஒரு கடன்காரர்கூட ஏமாற்றாமலேயே மூலதனம் காலி. இவரிடம் பணம் போட்டிருக்கும் மூன்றாவது வங்கிக்கும் அதே கதி.

நடந்ததுதான் இது. 2001 மார்ச், ஆமதாபாத். பங்குத் தரகர் கேதன் பாரேக் தரப்புக்கு மாதவபுரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி கடனை அள்ளிக் கொடுத்திருந்தது. பே ஆர்டர் என்பது பணத்தை வாங்கிக்கொண்டு வங்கி எழுதித் தரும் சீட்டு. இங்கே பணம் வராமலேயே எழுதினார்கள். மும்பையில் பாங்க் ஆஃப் இந்தியா பணமாக்கிக் கொடுத்த சுமார் 137 கோடி ரூபாய்ச் சீட்டுகள் திரும்பிவந்தன. மாதவபுரா கதவைச் சாத்தியது. குஜராத்தின் கூட்டுறவு வங்கிகள் பலவற்றின் பணமும் உள்ளே மாட்டிக்கொண்டது.

ராஜ்கமல் ஐயர் என்ற பொருளியலாளர் இதைச் சக ஆய்வாளர்களோடு துருவினார். அங்கே அதிகம் மாட்டிக்கொண்ட வங்கியில்தான் மக்கள் அதிகம் பணம் எடுத்தார்கள். ஏற்கெனவே நோஞ்சானாக இருந்த வங்கிகளுக்கு அடி பலம். சரி, இது எதிர்பார்த்ததுதான். மாதவபுராவோடு சம்பந்தமே இல்லாத ஒரு வங்கியிலும் கூட்டம் முண்டியடித்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. அப்போதெல்லாம் கணக்குத் தொடங்க ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவரின் அறிமுகக் கையெழுத்து வேண்டும், ஞாபகமிருக்கிறதா? கையெழுத்துப் போட்டவர் பணத்தை எடுத்தால் அறிமுகமானவரும் எடுத்திருக்கிறார். அக்கம்பக்கத்திலும் அப்படியே. அதே வங்கியில் கடன் வாங்கியவர்களும் பழைய வாடிக்கையாளர்களும் அவ்வளவாக ஓடவில்லை. வங்கிகளுக்கு நடுவே ஒரு வலை, மனிதர்களுக்கு நடுவே இன்னொன்று. பேலன்ஸ் ஷீட்டில் முதலாவதுதான் தெரியும்.

வணிக வங்கிகளுக்கிடையிலான வலையை ரிசர்வ் வங்கி தன் நிதி நிலைத்தன்மை அறிக்கையில் படமாகவே போடுகிறது. தொடர்பு அதிகமுள்ளவை நடுவில், மற்றவை ஓரத்தில். நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு வரம்பே உண்டு: பிற வங்கிகளில் போடுவது மொத்த டெபாசிட்டில் 20 சதவீதம், ஒரே வங்கியில் 5 சதவீதம். மேலாளரின் 10 கோடி இதைத் தாண்டியது. 5 கோடியே போட்டிருந்தாலும் மூலதனத்தில் பாதிக்கு மேல் போயிருக்கும்.

"டெபாசிட் இன்சூரன்ஸ் இருக்கே சார்?"

தனிநபருக்கு 5 லட்சம் வரை உண்டு. ஒரு வங்கி இன்னொரு வங்கியில் போடும் பணத்துக்கு அது கிடையாது என்றேன். அப்புறம்தான் அவர் பதிவேட்டை எடுத்து முதிர்வுத் தேதியைத் தேட ஆரம்பித்தார்.