கம்பு சுத்துறப்ப உடம்புக்குள்ள என்ன நடக்குது?

மொதல் மாசம் முழுக்க என் கம்பு அடிச்சது ஒரே ஒரு ஆளத்தான், என்னைய. இடது கணுக்கால் கன்னிப்போய் ஆபீஸ்ல நொண்டிக்கிட்டு நடந்தா "புட்பால் ஆடுனியா"ன்னு கேக்குறாங்க, 43 வயசுல சிலம்பம் கத்துக்குறேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, ஆமான்னு சொல்லிட்டேன். உண்மையில மகள சேத்துவிடத்தான் போனேன். எங்க புளோக் பக்கத்துல இருக்குற விளையாட்டுக் கோர்ட்டுல வாரம் ரெண்டு நாள் சாயங்காலம் கிளாஸ், மழை வந்தா வாய்ட் டெக்குக்கு (புளோக்குக்குக் கீழ இருக்குற திறந்த தரைத்தளம்) ஓடிரணும், அங்க சீலிங் லைட்டுக்குப் பயந்துகிட்டு காலடி மட்டும்தான் போடலாம். ஓரமா உக்காந்து போன் நோண்டிக்கிட்டு இருந்த என்னைய மாஸ்டர் பாத்துட்டு "அண்ணே, வந்தது வந்துட்டீங்க, ஒரு கம்ப எடுங்க"ன்னாரு. அவருக்கு முப்பது வயசுகூட இருக்காது.

ஒன்றரை மாசம் கழிச்சு ஒரு விஷயம் கவனிச்சேன். ஆரம்பத்துல ரெண்டு நிமிஷம் சுத்துனாலே கை கழண்டு விழுற மாதிரி இருக்கும், இப்ப பத்து நிமிஷம் சுத்துறேன். சரி, கை நல்லா ஏறியிருக்கும்னு தையல் டேப் எடுத்து அளந்து பாத்தா, அட, அதே அளவு! அப்ப பலம் எங்கேருந்து வந்துச்சு? இதத் தேடிப் படிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

பதில் தசையில இல்ல, நரம்புல இருக்கு. தண்டுவடத்துலேருந்தும் மூளையோட அடிப்பகுதியிலேருந்தும் தசைக்கு வர்ற ஒவ்வொரு நரம்பு செல்லும் ஒரு கொத்து தசை இழைகளப் பிடிச்சு வச்சிருக்கும், அந்த செல் சிக்னல் அனுப்புனா அந்தக் கொத்து மொத்தமும் சுருங்கும். கண்ண அசைக்கிற தசையில ஒரு கொத்துல சில இழைகள்தான், கெண்டைக்கால்ல ஆயிரத்துக்கும் மேல. பழக்கமில்லாத ஆளுக்கு மூளை எல்லாக் கொத்தையும் சரியா எழுப்பாது, எழுப்புனாலும் முன்னபின்ன எழுப்பும். அதோட இன்னொரு கூத்து, கைய மடக்குற தசையும் நீட்டுற தசையும் ஒரே நேரத்துல இறுகிக்கும், பிரேக்க மிதிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டர அழுத்துற கதைதான், அதான் புதுசா கத்துக்குறவங்க சீக்கிரம் களைச்சுப் போறது. பயிற்சி ஏற ஏற தேவையில்லாத தசைய மூளை சும்மா விட்டுரும். எந்த உடற்பயிற்சியானாலும் மொதல் சில வாரத்துல கூடுற பலத்துல பெரும்பங்கு இந்த நரம்பு வேலைதான், தசை பருத்து டேப்புல தெரியிறதெல்லாம் அதுக்கப்புறம். "கைய இறுக்காதீங்கண்ணே, கம்பே சுத்தும்"னு மாஸ்டர் நூறு தடவ சொன்னப்ப எரிச்சலாத்தான் இருந்துச்சு, இப்ப புரியுது.

2012ல லண்டன்ல ஒரு ஆய்வு பண்ணாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது. கராத்தே பிளாக் பெல்ட் 12 பேரு, பழக்கமில்லாதவங்க 12 பேரு, எல்லாரும் வெறும் 5 சென்டிமீட்டர் தூரத்துலேருந்து குத்தணும். பிளாக் பெல்ட்காரங்க குத்து பலமாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த வித்தியாசம் தசை பலத்தால வரல, தோளும் மணிக்கட்டும் உச்ச வேகத்த எட்டுற நேரம் எவ்வளவு பொருந்துதுங்கறதால வந்துச்சு. மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்தா சிறுமூளையோட சேந்த நரம்பு இணைப்புகள்லயும் அசைவுகள நடத்துற பகுதியிலயும் வித்தியாசம் தெரிஞ்சுது. சிலம்பத்துல காலு திரும்பி, இடுப்பு திரும்பி, தோள் வந்து, கடைசியா மணிக்கட்டு வெட்டுதே, அதே டைமிங் கணக்குதான். நான் மணிக்கட்டுலேருந்து ஆரம்பிச்சேன், கணுக்கால்ல வாங்குனேன்.

அடுத்து பேலன்ஸ். நீங்க நேரா நிக்கிறதுக்கு மூளை மூணு எடத்துலேருந்து தகவல் வாங்குது: கண்ணு, உள்காதுல திரவம் நிறைஞ்ச அரைவட்டக் குழாய்கள், அப்புறம் தசைக்கும் மூட்டுக்கும் உள்ள இருக்குற சென்சார்கள் (கண்ண மூடிக்கிட்டே மூக்கத் தொட முடியுதுல்ல, அது இந்த சென்சார் தயவுதான்). ஒத்தக் கால்ல நின்னு திரும்புறப்ப மூணும் ஒரே நேரத்துல வேலை செய்யணும். வீட்டுல நானும் மகளும் கண்ண மூடிக்கிட்டு ஒத்தக் கால் போட்டி வச்சோம், அவ 40 செகண்டு, நான் 11, அதுக்கு மேல சொல்ல விரும்பல.

வயசானா இந்த மூணுமே மெதுவா மங்கும், விழுறது அங்கதான் ஆரம்பிக்குது. எங்க புளோக்குக்குக் கீழ தெனம் காலையில ஏழு மணிக்கு சீனத் தாத்தா ஒருத்தரு தாய்ச்சி பண்றாரு, எழுபது தாண்டியிருக்கும், அவரு ஒரு கால்லேருந்து இன்னொரு கால்ல பாரத்த மாத்துறத நின்னு பாருங்க, கிளாஸ்ல நல்ல வேகமா ஆடுற பசங்களுக்குக்கூட அந்த கன்ட்ரோல் கிடையாது. தாய்ச்சியும் தற்காப்புக் கலைதான், மெதுவா செய்யிறதால நாம மறந்துர்றோம். அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல பார்கின்சன் நோயாளிகள் 195 பேர வச்சு வாரம் ரெண்டு கிளாஸ், 24 வாரம் நடத்துன ஆய்வு 2012ல வந்துச்சு, தாய்ச்சி பண்ணவங்களுக்கு பேலன்ஸ் நல்லா முன்னேறுச்சு, வெறும் ஸ்ட்ரெச்சிங் பண்ணவங்களவிட கம்மியா விழுந்தாங்க.

எலும்பு பத்தி சுருக்கமா சொல்லிர்றேன். பாரம் விழுற எடத்துல எலும்பு தன்னத்தானே கெட்டியாக்கிக்கும், ஜெர்மன் டாக்டர் ஜூலியஸ் வோல்ஃப் 1892லயே எழுதி வச்சது, டென்னிஸ் ஆடுறவங்களுக்கு ராக்கெட் பிடிக்கிற கை எலும்பு மத்த கையவிட தடிமனா இருக்குறதும் இதனாலதான். குதிக்கிறது, காலத் தட்டி நிக்கிறது எல்லாம் அந்த வகையில நல்லது. ஆனா அதுக்காக கால் எலும்ப இரும்புக் கம்பியில இடிச்சு "கெட்டியாக்குற" வீடியோவப் பாத்து யாரும் எறங்காதீங்க, நரம்பும் தோலும்தான் போகும்.

இப்ப ரியாக்‌ஷன். கண்ணுல ஒண்ணு பட்டு கை அசையிறதுக்கு பயிற்சி இருந்தாலும் ஏறக்குறைய 200 மில்லிசெகண்டு ஆகும், அதப் பெருசாக் கொறைக்க முடியாது. கம்பு நுனி வர்ற வேகத்துக்கு அது பத்தாது. அப்ப நல்ல ஆட்டக்காரங்க எப்படித் தடுக்குறாங்க? அவங்க கம்பப் பாக்குறதே இல்ல. எதிராளியோட தோள், இடுப்பு, எந்தக் கால்ல பாரம் எறங்குதுன்னு பாத்து, அடி கெளம்புறதுக்கு முன்னாடியே எங்க வரும்னு மூளை ஊகிச்சுருது. கிரிக்கெட்ல வேகப்பந்த ஆடுற பேட்ஸ்மேனும் இதத்தான் செய்யிறாரு. இந்த ஊகம் புத்தகத்துல வராது, ஆயிரம் தடவ அடி வாங்கித்தான் வரும்.

மனசுக்கு என்ன லாபம்னு கேட்டா, நான் மொதல்ல மூச்சத்தான் சொல்லுவேன். எதிர்ல ஒருத்தன் கம்போட நின்னா, பழகுன ஆளுன்னு தெரிஞ்சாலும் அட்ரினலின் ஏறும், இதயம் படபடக்கும், பார்வை குறுகும். வெளிய விடுற மூச்ச நீளமாக்குனா, மூளையிலேருந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்பு வழியா இதயத் துடிப்பு எறங்கும், நிமிஷத்துக்கு ஆறு மூச்சுங்கற அளவுல இந்த விளைவு நல்லாத் தெரியும். இதத் தியான கிளாஸ்லயும் சொல்லித் தருவாங்க, வித்தியாசம் என்னன்னா இங்க படபடப்பு நெசமாவே இருக்கும்போதே பழகுறீங்க. வீச்சு நடுவுல "நில்லு!"ன்னு மாஸ்டர் கத்துவாரு, அப்படியே உறையணும். ஆரம்பிச்சதப் பாதியில நிறுத்துறது மூளையோட முன்பகுதிக்குப் பெரிய வேலை, பிள்ளைங்களுக்கு அந்தப் பகுதி முழுசா வளரவே இருபது வயசு தாண்டிரும். 2004ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, மூணு மாசம் டேக்வாண்டோங்கற கொரியத் தற்காப்புக் கலை படிச்ச ஆரம்பப் பள்ளிப் பிள்ளைங்க, சாதாரண உடற்கல்வி வகுப்புப் பிள்ளைங்களவிட தன்னக் கட்டுப்படுத்திக்கிறதுல முன்னேறுனாங்க, பொண்ணுங்களவிட பசங்ககிட்ட இது இன்னும் அதிகமாத் தெரிஞ்சுது.

ஆனா சண்டைக் கலை கத்துக்கிட்டாலே சாந்தமாயிருவாங்கன்னு சொல்றதுல எனக்கு உடன்பாடில்ல. 1986ல வந்த ஒரு சின்ன ஆய்வுல, சட்டத்தோட உரசுன டீனேஜ் பசங்கள மூணு குழுவாப் பிரிச்சு ஆறு மாசம் பாத்தாங்க. வணக்கம், தியானம், ஒழுக்கம் எல்லாம் சேத்துப் படிச்ச டேக்வாண்டோ குழுவுக்கு முரட்டுத்தனம் கொறஞ்சுது. சண்டை டெக்னிக் மட்டும் படிச்ச குழுவுக்குக் கூடிருச்சு! அதனால பிள்ளையச் சேக்குறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் முழுக்க உக்காந்து பாருங்க, தோத்த பையன்கிட்ட ஆசான் எப்படிப் பேசுறாருன்னு பாருங்க. எங்க மாஸ்டர் குருவணக்கம் ஒழுங்கா போடலன்னா மறுபடி மொதல்லேருந்து போடச் சொல்லுவாரு, எனக்கும் சேத்துத்தான்.

தலையில அடி படுற ஸ்பாரிங் (ஜோடியாப் போடுற பயிற்சிச் சண்டை) மட்டும் தனி விஷயம். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தத் தடுக்கும், மண்டைக்குள்ள மூளை குலுங்குறதத் தடுக்காது, அதனால பிள்ளைங்கள தலையக் குறிவச்சு அடிக்கவிடுற எடத்துக்கு நான் அனுப்ப மாட்டேன்.

போன சனிக்கிழமை இடது கை வீச்சு ஒரு மணி நேரம் முயற்சி பண்ணியும் வரல, கடுப்புல வீட்டுக்கு வந்து படுத்துட்டேன். செவ்வாக்கிழமை போய் கம்ப எடுத்தா, நடுவுல ஒரு நாள்கூட தொடாமலே, பாதி வந்துருச்சு. தூக்கத்துல மூளை அன்னிக்குப் பழகுன அசைவுகள மறுபடி ஓட்டிப் பதிய வைக்குதாம். மிச்சப் பாதி இன்னும் கணுக்கால்லதான் விழுந்துக்கிட்டு இருக்கு, இந்த தடவ வலது பக்கம்.